செம்மஞ்சள் சுடிதார்

இஞ்சாருங்க,

மீன் சொதி சட்டியில் இருக்கிறது. சோற்றை நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள்.

கொடியில் காய்ந்த என் சுடிதாரைக் கொண்டுபோய் வயல் வட்டையில் குருவி விரட்டும் வெருளிப் பொம்மைக்கு மாட்டிவிட்டு, "மகள் போட்டுக் கழிச்சதெண்டு நினைச்சன், உனக்கெண்டு ஆர் கண்டது?" என்று நேற்றுச் சிரித்தீர்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் நானே நிறம் பார்த்து வாங்கிய முதல் உடுப்பு அது. இத்தனை வருடம் மண்ணிறச் சேலைதான் உடுத்தேன். அதையும் நீங்கள் ஒருநாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்த வயசில என்ன கோலம்?" என்று கேட்க மட்டும் தெரிகிறது. உங்கள் தலைக்கு மாதாமாதம் டை பூசுவது யார்? நான்தானே!

நேற்றுப் பின்னேரமே வட்டைக்குப் போய்க் கழற்றி வந்து, தோய்த்து, அதையே உடுத்துக்கொண்டு போகிறேன். கல்லடியில் என்னோடு படித்தவர்களின் ஒன்றுகூடல். பொழுதுபடத்தான் வருவேன். வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

யோகமலர்

பி.கு.: வெருளி வெறும் மேலோடு நின்றால் குருவி பயப்படாது. கொடியில் கிடந்த உங்கள் புதுப் பட்டுச் சட்டையைப் போட்டுவிட்டேன். நீங்கள் கழித்ததென்று நினைத்தேன்.