கிண்ணம் வரும் வரிசை

1937 பிப்ரவரி 23, செவ்வாய்

காலையில் இன்னும் பனி. ஏழரை மணி வரை கொல்லிமலை கண்ணில் படவில்லை. பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள் மட்டும். மற்றவர்கள் புளி பொறுக்கப் போய்விட்டார்கள். பதிமூன்றாம் வாய்ப்பாடு. தொண்டை கட்டல். மிளகு தீர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டுப் புளிக்கும் கொட்டை எடுக்க வேண்டும். யார் எடுப்பது என்று எனக்கும் மகள் கிருபைக்கும் சண்டை. பதினெட்டு வயது, வாய் எனக்கு மேல்.

மாலை அருளாயிக்குப் பாடம். கிறிஸ்துமஸில் கிழக்குத் தெருவில் நான்கு குடும்பங்கள் ஞானஸ்நானம் எடுத்தன. தோல் வேலை செய்பவர்கள். அவர்களில் முதலில் எழுந்து நின்றவள் இவள். ஈஸ்டரன்று இவர்களுக்கு முதல் திருவிருந்து, அப்பமும் கிண்ணத்தில் திராட்சரசமும். அதற்குள் விசுவாசப் பிரமாணம் மனப்பாடம் ஆக வேண்டும். பாதி வந்துவிட்டது. பிலாத்துவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"கொல்லச் சொன்ன ஆளு பேர நான் என்னத்துக்குங்க தெனம் சொல்லோணும்?"

எங்கள் பாதிரி ஐயரைக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 28, ஞாயிறு

பனி இல்லை. பத்து மணிக்கே வெயில் உறைத்தது. ஆராதனை முடிந்து அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எட்டுத் தறிக்காரர், சபைக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அண்ணன் மகன் தேவனுக்குக் கிருபையைக் கொடுப்பதென்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசிய பேச்சு. தேவன் நல்ல பையன். அதிர்ந்து பேச மாட்டான். கி. உள்ளே பாத்திரத்தைத் தேய்த்த சத்தம் சட்டென்று நின்றது. சிரித்திருப்பாள்.

பிறகு எழுந்துகொண்டே, ஞாபகம் வந்தவர் போல:

"அம்மிணி, புது ஆளுகளுக்குன்னு சேலத்துல ஒரு கிண்ணம் சொல்லியிருக்கறேன். வெள்ளி முலாம். நம்ம கிண்ணத்தவிட நல்லாவே இருக்கும்."

"அப்ப நாம அதுல குடிச்சுக்கலாங்களா அண்ணா?" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் உபதேசியார். சம்பளம் கொடுப்பது மிஷன், உத்தரவு கொடுப்பது அண்ணன். "உனக்கு எதுக்கு இந்த வாய்?" என்றார் வீட்டுக்காரர். இந்த வாய் இல்லாவிட்டால் நான்காம் வகுப்பை யார் அடக்குவது?

தாத்தா காலத்தில் நாங்களும் தண்ணீரில் முழுகித்தான் வந்தோம். அன்று எங்களுக்கு யாரும் தனிக் கிண்ணம் சொல்லவில்லை.

மார்ச் 3, புதன்

ராசிபுரத்திலிருக்கும் ஐயருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். ஒரு மேசை, ஒரு அப்பம், இரண்டு கிண்ணமா என்று கேட்டிருக்கிறேன். இரண்டாவது கிண்ணம் வந்தால் இந்த ஈஸ்டருக்கு நான் திருவிருந்தில் கை நீட்ட மாட்டேன் என்றும் எழுதினேன். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டவில்லை. காட்டினால் அடித்தல் திருத்தலோடு ஒரு பக்கமாகிவிடும்.

இரண்டு பிள்ளைகளுக்குக் கண்வலி. வேப்பமரம் பூக்க ஆரம்பித்துவிட்டது. வெள்ளைக் கோழி அடை.

மார்ச் 12, வெள்ளி

பதில் வந்தது. ஐயர் எழுதுகிறார்: ஒரே கிண்ணம்தான், மாற்றம் இல்லை. ஆனால் சபை ஒழுங்குக்காக, முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் முதலில் குடிக்கட்டும், புதியவர்கள் கடைசியில். அண்ணனும் இதற்குச் சம்மதித்துவிட்டாராம்.

ஜெயித்துவிட்டேன். சேலத்துக் கிண்ணத்தை அண்ணன் மோர் குடிக்க வைத்துக்கொள்ளட்டும். சந்தோஷத்தில் ஒரு படி அரிசியை அதிகம் ஊறப்போட்டுவிட்டேன், நாளையும் இட்லி.

மார்ச் 14, ஞாயிறு

அருளாயியிடம் சொல்லப் போனேன். கிழக்குத் தெரு முனையில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை காயப் போட்டிருந்தார்கள், அதைத் தாண்டி அவள் வாசல். எழுந்து வந்து நின்றாள். முழுவதும் சொன்னேன்: அண்ணன் சொன்னது, நான் எழுதியது, ஐயர் எழுதியது. கேட்டுக்கொண்டே பட்டையைப் புரட்டிப் போட்டாள்.

"அப்ப எல்லாரும் குடிச்ச பொறவு எங்களுக்கு."

"ஒரே கிண்ணம் அருளாயி."

"ஒரே கிண்ணந்தானுங்க. எங்க வாய் பட்ட பொறவு அதுல யாரும் குடிக்க வேண்டீதில்ல. அதுக்குத்தான கடைசி?"

நான் அதை அப்படி நினைத்தே பார்க்கவில்லை. ஐயர் நினைத்திருப்பார். அண்ணன் நிச்சயம் நினைத்திருப்பார், அதனால்தான் உடனே சம்மதம்.

அடுத்ததாக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சரம்மா, நீங்க ஆறு வருசமா இந்தத் தெருவுக்கு வாரீங்க. எம் புள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடுத்தீங்க. எங்கூட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா?"

இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். ஆறு வருஷம், ஒவ்வொரு முறையும், சித்திரை வெயிலிலும். அவள் அத்தனையையும் கேட்டு வைத்திருக்கிறாள். வீடு வரை காது எரிந்தது.

மார்ச் 16, செவ்வாய்

போனேன். "தண்ணி குடு அருளாயி" என்றேன்.

"இன்னிக்கு என்னத்துக்குங்க? ஐயருக்கு எழுதறதுக்கா?"

"தாகத்துக்கு."

நம்பவில்லை. இருந்தாலும் செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள், நான் பார்க்கும்படி மெதுவாகத் தேய்த்தாள். வேண்டுமென்றேதான். குடித்தேன். தண்ணீர் நல்ல தண்ணீர். வயிறு புரட்டியது. இந்த நோட்டில் பொய் வேண்டாம், புரட்டியது. பட்டை நாற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம்; அது அல்ல. முப்பத்தொன்பது வருஷம் உள்ளே உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று. இன்னொரு செம்பு கேட்டு வாங்கி அதையும் குடித்தேன். அருளாயி அப்போது சிரித்துவிட்டாள்.

"போதுமுங்க. வவுறு வெடிச்சுப் போயிரும்."

ஈஸ்டருக்கு வருவாயா என்று கேட்டேன். மிச்சத்தைக் குடிக்க வர மாட்டேன் என்றாள். தனக்குப் பின்னால் யாராவது குடித்தால் வருவதாகச் சொன்னாள்.

மார்ச் 21, குருத்து ஞாயிறு

தென்னங்குருத்து போதவில்லை, பிள்ளைகளுக்கு ஈச்ச ஓலை கொடுத்தோம். கையில் குத்திக்கொண்டு இரண்டு அழுகை. பவனியில் கிழக்குத் தெருக்காரர்கள் வந்தார்கள், கடைசியில். தாளத்தை மட்டும் அவர்கள்தான் சரியாகப் போட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஈஸ்டரன்று முன்வரிசையில் போக மாட்டேன். அருளாயிக்கு அடுத்து முழந்தாளிடுவேன், அவள் குடித்த பிறகு குடிப்பேன்.

அவர் ஓலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தார். "உங்கண்ணன் திங்கக்கிழமை தாம்பூலத்தோட வருவாருன்னு நெனைக்கிறயா?"

"வராட்டிப் போறாரு."

"அது உனக்குங்க. கிருபைக்கு?"

என் மேல் கோபம் வந்தால் இந்த 'ங்க' வந்துவிடும் அவருக்கு. அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் பயந்தவர். கெட்டவர் அல்ல. பயந்தவரோடு இருபது வருஷம் இருப்பதும் லேசான காரியம் இல்லை.

மார்ச் 24, புதன்

அண்ணன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. பள்ளிக்கூட வாசலுக்கே வந்தார். பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

"நீ அக்கட்டால, அவங்களோட போயி குடிச்சயின்னா அந்த வாயோட எங்கூட்டுல சம்பந்தம் பேச வராத. உம்புள்ளைய நெனச்சுப் பாத்துக்க, அம்மிணி."

கத்தவில்லை. குரலில் வருத்தம்கூட இருந்தது. காய்ச்சலில் கிடந்த என்னை நான்கு மைல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவர் இவர். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது எனக்கு. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

"ரோமர் நம்ம கர்த்தருக்கு எந்தக் கிண்ணத்துல காடி குடுத்தாங்கன்னு கேட்டுட்டு வாரேனுங்க அண்ணா" என்றேன். அசட்டுப் பேச்சு. வேறொன்றும் வாயில் வரவில்லை.

மார்ச் 26, பெரிய வெள்ளி

நல்ல வெயில். மூன்று மணி நேர ஆராதனை. ஓடு கொதித்தது. சிலுவையில் இயேசு சொன்ன நான்காம் வார்த்தையின்போது அத்தனை பேரும் விசிறியை நிறுத்தினார்கள். பிறகு கஞ்சி, துவையல்.

கி. பின்கட்டில் அழுதாள். முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். தேவனை நினைத்துத்தான். போய்த் தொடலாமா என்று நின்றேன், போகவில்லை. போனால் என் உறுதி போய்விடும். அவளுக்கு வேறு மாப்பிள்ளை வருவான். வராவிட்டால் வாத்தியார் வேலை பார்க்கட்டும், நான் பார்க்கவில்லையா? மகளின் வாழ்க்கையை வைத்து வீராப்பு காட்டுகிறாய் என்று உள்ளுக்குள் ஒரு குரல். அண்ணன் குரல் மாதிரியே இருந்தது, அதனால் கேட்கவில்லை.

மார்ச் 27, சனி

செய்ய வேண்டியது:
காய்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து வடிகட்ட (ஆயிற்று. இரண்டு புட்டி)
கோயில் தரை மெழுக. கிழக்குத் தெருப் பெண்கள் ஐந்து பேர் வந்து மெழுகினார்கள்
கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்க
அவருடைய அங்கவஸ்திரத்துக்குக் கஞ்சி
கி.யிடம் பேச. நாளைக்குப் பிறகு

ஐயர் மாலை வண்டியில் வந்து இறங்கினார். அண்ணன் வீட்டில் சாப்பாடு. வழியில் பார்த்து, பிலாத்துவைப் பற்றிக் கேட்டேன். "சொல்லத்தான் வேண்டும் அம்மா" என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 28, ஈஸ்டர்

விடிவதற்குள் பவனி. வானம் வெளுக்கும்போது கோயிலுக்குள். மாம்பூ வாசம் உள்ளே வரை வந்தது. எல்லாவற்றையும் எழுத வேண்டும், இப்போதே எழுதினால்தான் உண்டு.

அருளாயி வந்திருந்தாள். மஞ்சள் சேலை, எண்ணெய் வழிய வாரிய தலை. பிரமாணத்தைச் சொல்லும்போது அவளையே கவனித்தேன். அந்தப் பெயரின் இடத்தில் வாயை மூடிக்கொண்டாள், பிறகு சேர்ந்துகொண்டாள்.

முதல் வரிசை எழுந்து போனது. அண்ணன், அண்ணி, தேவன், கிருபை. அண்ணி என் இடத்தைக் கையால் தட்டிக் கூப்பிட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வரிசை. மூன்றாவது. பிறகு கிழக்குத் தெருக்காரர்கள் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். பின்னால் பாய் சரசரத்தது. அருளாயிக்கு இடப்பக்கம், கடைசியில் முழந்தாளிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அருளாயி குடித்தாள். நிதானமாக, அவசரமில்லாமல். ஐயர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றுவிட்டார். கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் அப்பத்தட்டோடு நின்ற என் வீட்டுக்காரரிடம், தோளில் கிடந்த அங்கவஸ்திரத்துக்காகக் கையை நீட்டினார், விளிம்பைத் துடைக்க. காலையிலிருந்து ஒருவருக்கும் துடைக்காத விளிம்பு.

அவர் கொடுக்கவில்லை. கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு நின்றார், கொடுக்கவில்லை.

"அப்படியே குடுங்க ஐயா" என்றேன். கோயில் முழுக்கக் கேட்டிருக்கும்.

குடித்தேன். வயிறு புரட்டவில்லை. புரட்டியிருந்தாலும் குடித்திருப்பேன்.

ஆசீர்வாதத்துக்கு முன்பே அண்ணன் எழுந்து போய்விட்டார். அண்ணியும் பின்னால். தேவன் ஒரு தடவை நின்றான், அப்புறம் அவனும் போனான். பதினொரு மணிக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது: நாளைக்கு யாரும் வரவில்லை.

மத்தியானம் கி. எங்களுக்குச் சோறு போட்டாள். நான்தான் ஆரம்பித்தேன். தேவனை விட நல்ல இடம் கிடைக்கும், அழாதே என்றேன்.

குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"தேவன் மாமா மேல ஆசை இருந்துச்சு. இல்லீன்னு சொல்லல. ஆனா வெள்ளிக்கிழமை நான் அதுக்கு அழுகல. அப்பாகிட்டச் சொன்னீங்க. அருளாயி அக்காகிட்டச் சொன்னீங்க. ஊரே பேசுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா? முன்னாடி போயி குடிச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்கறேன், நீங்க அங்க நிக்கறீங்க. கேட்டிருந்தா நானும் உங்க பக்கத்துல நின்னிருப்பேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

ஐயர் மறுபடி வர மூன்று மாதம் ஆகும். ஆனி மாதத் திருவிருந்துக்குத் தான் எங்கே நிற்கப்போகிறோம் என்பதைக் கிருபை இப்போதே சொல்லிவிட்டாள், எனக்கும் பின்னால்.