இருபது பேர் மிச்சம் இருந்தபோது

என் ஆசை மச்சான் குகன்,

உன்னுடைய முப்பத்தொன்றாம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள் வதனா. "அண்ணை, அவரோட கூடக் கதைச்ச ஆள் நீங்கள்தானே. வடிவா எழுதித் தாங்கோ" என்றாள். என் தங்கச்சி, உன் மனைவி, அவள் கேட்டு நான் மாட்டேன் என்பேனா? திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இன்றைக்குச் சனி.

மற்றவர்கள் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ அதிர்ந்து பேசாதவனாம், பொறுமையின் சிகரமாம். நீயா? போக்கரில் கடைசிக் கார்டில் ஒருத்தன் உன்னை விழுத்தினால் நீ போனில் போடுகிற சத்தத்தை இந்த எழுத்துக்காரர் ஒருத்தரும் கேட்டதில்லை. என் மனைவி அடுத்த அறையிலிருந்து "ஆருக்கு என்ன நடந்தது?" என்று ஓடி வருவாள்.

எனக்கு அப்படி நல்ல வார்த்தை எழுத வரவில்லை, மச்சான். கடைசியாக நீ கதைத்தது என்னோடு. நீ சொன்னதை நான் இன்னும் வதனாவிடம் சொல்லவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு விஷயம் விளங்க வேண்டும். ஞாயிறு மத்தியானம் என்றால் குகன் இல்-பிசார் தீவில், நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் லவாலில், நடுவில் போன் ஸ்பீக்கரில். நூற்றெண்பது பேர் ஒன்லைனில் விளையாடுகிற சின்னப் போக்கர் போட்டி. நுழைவு ஒரு கோப்பிக் காசு. கிழமை முழுக்க டவுன்டவுன் குசினியில் அடுப்போடு நிற்கிற எனக்கும், ட்ரக் ஓடுகிற அவனுக்கும் அதுதான் பொழுதுபோக்கு. சூதாடினோம் என்று கோயில் ஐயா நினைத்தால் நினைக்கட்டும்.

போக்கரில் கூட்டாளி கிடையாது. ஒவ்வொருத்தனும் தன் கையைத் தானே பார்க்க வேண்டும், வெளியாள் வாய் வைக்கக் கூடாது. ஆனால் ஊரில் சோடி சேர்ந்து முன்னூற்றிநாலு என்ற சீட்டு விளையாடி வளர்ந்த எங்களுக்கு எதிரே ஒரு கூட்டாளி இருக்காவிட்டால் கார்ட் பிடிக்கவே வராது. அதனால் நீ ஒரு சட்டம் வைத்தாய். இரண்டு பேரும் விளையாடும்வரை ஊர்க்கதை மட்டும். ஒருத்தன் வெளியேறினால் அவன் மற்றவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எப்போதும் முதலில் வெளியேறுகிறவன் நான். சட்டம் போடும்போதே உனக்கு அது தெரியும், கள்ளன்.

உன்னுடைய விளையாட்டு முறையும் எனக்கு மனப்பாடம். தொடக்கத்தில் பொறு, நல்ல கை வந்தால் மட்டும் இறங்கு. சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம் ஏறும். கையிலுள்ள பந்தயக் காய், அதுதான் சிப்ஸ், அதில் பத்து மடங்குக்குக் கீழே போனால் தொட்டுத் தொட்டு விளையாடாதே, ஒன்றில் எல்லாவற்றையும் வை, இல்லாவிட்டால் கார்டை எறிந்து அந்தச் சுற்றை விட்டு விலகு. பதினெட்டுப் பேருக்குப் பரிசு என்றால், இருபது பத்தொன்பது பேர் மிச்சம் இருக்கிற நேரம்தான் பொல்லாத நேரம். அதற்குப் பபிள் என்று பேர். இன்னும் ஒருத்தன் இரண்டு பேர் விழும்வரை அசையாமல் இருக்க வேண்டும்.

அந்த நேரம் வந்தால் உனக்குக் கை வேர்க்கும். "நெஞ்சு படபடவெண்டு அடிக்குது மச்சான்" என்பாய். ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாய். அதற்கு நான் பபிள் நெஞ்சு என்று பேர் வைத்தேன். இரண்டு பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பு இப்போது என்னைத் தின்கிறது.

அன்றைக்கும் நான்தான் முதலில் போனேன். நீ நல்ல சிப்ஸோடு இருந்தாய். திடீரென்று சொன்னாய், "மச்சான், நெஞ்சுக்குள்ள என்னவோ அடைக்கிற மாதிரிக் கிடக்கு."

அடைக்கிற மாதிரி. படபடவென்று நீ சொல்லவில்லை. அந்த வித்தியாசம் என் காதில் விழுந்தது, குகன். விழுந்தும் நான் என்ன கேட்டேன்? "எத்தனை பேர் மிச்சம்?"

"இருபது."

"உன்ர பபிள் நெஞ்சுதான்ரா. இன்னும் ரெண்டு பேர். அசையாதை, வாற கையெல்லாத்தையும் எறி."

நீ கொஞ்சம் சிரித்தாய். "சரி, போனை வை. பேந்து எடுக்கிறன்."

நான் வைத்துவிட்டேன். வைத்துவிட்டு, போனிலேயே உன் மேசையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எறிந்தாய். அடுத்த கையையும் எறிந்தாய். இரண்டு பேர் விழுந்தார்கள், உனக்குப் பரிசு நிச்சயமானது. அதற்குப் பிறகும் எறிந்துகொண்டே இருந்தாய். கட்டாயப் பந்தயம் வைத்த கையைக்கூட ஒருமுறையும் நீ காப்பாற்றவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பொடியன் இண்டைக்குக் கல்லு மாதிரி இருக்கிறான், என்ன நிதானம் என்று நினைத்தேன். வாய்விட்டு "சபாஷ்" என்றும் சொன்னேன்.

ஆள் அசையாவிட்டால் கம்ப்யூட்டரே கையை எறிந்துவிடும். ஆள் இல்லை என்று பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் காட்டவும் காட்டும். கண்ணாடி போடாமல் பார்த்தேன். இருபது நிமிஷம் அப்படியே பார்த்தேன். உனக்கு முன்னால் ஒவ்வொருத்தனாக விழ, நீ பன்னிரண்டாம் இடம்வரை ஏறினாய். இரண்டு பேரும் சேர்ந்து கண்ட நல்ல இடங்களில் அதுவும் ஒன்று.

நீ நிலத்தில் கிடந்திருக்கிறாய்.

சாமான் வாங்கிக்கொண்டு வதனா வீட்டுக்குத் திரும்பி, உன்னைக் கண்டு, அம்புலன்ஸை அழைத்துவிட்டு எனக்கு எடுத்தபோது, நான் உனக்கு என்ன சொல்லிப் பகிடி பண்ணலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

செத்த வீட்டில் அவள் கேட்டாள், "அண்ணை, கடைசியா என்ன கதைச்சவர்?" நான் "சும்மா, கார்ட்ஸ் கதைதான்" என்றேன். அன்றிலிருந்து அவள் ஒரே பல்லவி. "அவர் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாமப் போட்டார். நான் வீட்டில நிண்டிருந்தா என்னட்டச் சொல்லியிருப்பார். என்ன அவசரத்துக்கு நான் கடைக்குப் போனனான்?" சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வாள், சாப்பிட மாட்டாள். நான் பக்கத்தில் இருந்து "அப்பிடி யோசிக்காதை பிள்ளை" என்பேன். எவ்வளவு பெரிய களவு அது! அவள் சுமக்கிறது என் பாரம். அதைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, ஆறுதலும் சொல்கிறேன்.

பயம், மச்சான். வேறொன்றுமில்லை. எங்களுக்கு இந்த நாட்டில் உடன்பிறப்பு என்று இரண்டு பேர்தான், அவளுக்கு நான், எனக்கு அவள். சொன்னால் அதுவும் போய்விடுமோ? சொல்லாவிட்டால் அவள் சாகும்வரை தன்னையே குத்திக்கொண்டு இருப்பாளே? டாக்டர் ஒருத்தரிடம் கேட்டேன், உடனே அழைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று. "சொல்ல ஏலாது" என்றார். ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் நித்திரையாவது வந்திருக்கும்.

நீ இருந்தால் உன்னிடம்தான் கேட்டிருப்பேன். நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். கிட்டத்தட்ட ஒரு மாதமாக வாற கையெல்லாம் எறிஞ்சுகொண்டிருக்கிறாய், இன்னும் எத்தனை சுற்றுக்கு இருப்பாய் என்று ஏசுவாய்.

மேலே உள்ளதெல்லாம் நேற்று எழுதியது. இன்று காலை லவாலிலிருந்து ஃபெரியில் உங்கள் தீவுக்குப் போனேன். அந்தச் சின்னத் தண்ணீரைக் கடக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஃபெரிக்காரன் "போன்ஜூர்" என்றான், நான் சட்டைப்பைக்குள் இந்தத் தாளைத் தடவிப் பார்த்தேன்.

வதனா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதிரையில் இருக்காமலே சொல்லிவிட்டேன். அடைக்கிறது என்று நீ சொன்னது, எத்தனை பேர் மிச்சம் என்று நான் கேட்டது, இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாம். எழுதிய தாளையும் மேசையில் வைத்தேன்.

அவள் கீரையைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளை எடுத்து வாசித்தாள். பிறகு கேட்டாள், "அப்ப அவர் சொன்னவரோ?"

"ஓம்."

"வாய் திறந்து சொன்னவர்?"

"ஓம் பிள்ளை. என்னட்டத்தான் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை."

அவள் அழத் தொடங்கினாள். நீ போன நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் காணவில்லை. தோளில் கை வைக்கப் போனேன், தட்டிவிட்டாள்.

"இண்டைக்குப் போங்கோ அண்ணை. உங்கட முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

வாசலில் சப்பாத்துப் போடும்போது பின்னால் வந்து நின்றாள். "அந்தத் தாளைக் கொண்டு போகாதையுங்கோ. ஒரு எழுத்தும் மாத்தாம மலரில போடப்போறன். இங்க எத்தனை ஆம்பிளையள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு பகிடி விடுறாங்கள், வாசிக்கட்டும்" என்றாள். கதவைச் சாத்தினாள்.

இந்தக் கடைசிப் பகுதியை வீட்டுக்கு வந்து எழுதிப் போனில் படமெடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். அவள் என்னை மன்னிப்பாளா என்று தெரியாது. அதை உன்னிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இன்று பின்னேரம் அவளே சோறு போட்டுச் சாப்பிட்டாள் என்று உன் மகள் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அது போதும் எனக்கு.

ஞாயிறு மத்தியானம் இனி நான் கார்ட் தொடமாட்டேன், குகன். அந்த நேரம் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். அவள் கதவைத் திறந்தால் உள்ளே போவேன். திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் வருவேன்.

உன் பெண்சாதியின் தமையன்,
நீ சொன்னதைக் கேட்காத உன் மச்சான்,
ரவி