கேட்காமல் தலையாட்டாதே

ஆரம்பாக்கம்,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மகன் எழிலரசனுக்கு அப்பா எழுதுவது,

நானும் உன் அம்மாவும் இங்கே உண்டு உறங்கி நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் புனேயில் அதுபோல இருக்க அந்த எல்லையம்மன் துணை. நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் இந்த வாரம் அந்த வார்த்தைக்குக் கை வரவில்லை. இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய், சிரி. போனில் பேசினால் எனக்குக் கேட்காது, வாட்ஸ்அப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், அதோடு போன் இருப்பது உன் அம்மா கையில், அவள் படித்துவிட்டாள் என்றால் அப்புறம் வீட்டில் சோறு வேகாது. அதனால்தான் தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கிவந்தேன். ரூமில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து முழுவதும் படி.

உன் மாமா லோகுவுக்குக் கம்பெனியில் கையில் அடி என்று அம்மா சொல்லியிருப்பாள். அடி இல்லை எழிலு. வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல் எல்லாம் போய்விட்டது. கும்மிடிப்பூண்டியில் கட்டுப் போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள், அங்கே உள்ளங்கையிலும் பாதியை எடுக்க வேண்டியதாகிவிட்டது. முப்பத்தேழு வயது அவனுக்கு. உன் அக்கா துர்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளில், பந்தல் பிரிக்கும்போது இரண்டு பேர் தூக்கவேண்டிய கட்டையை மாப்பிள்ளை வேட்டியோடு ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு போனானே, நீதான் விசில் அடித்தாய். அந்த ஆள் இப்போது இடது கையால் சோற்றைப் பிசைய வராமல் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாராவது வந்தால் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொள்கிறான். என்னைக் கண்டாலும் அப்படித்தான் செய்கிறான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், உனக்கு விளக்க வேண்டியதில்லை, நீயும் பிரஸ் ஷாப்பில் நிற்பவன்தான், ஆனாலும் சொல்கிறேன். தகடு வைப்பவன் லோகு, பெடலை மிதிப்பவன் இன்னொருவன். மிதிப்பவன் கை எடுத்தாச்சா என்று கத்துவான், வைப்பவன் தலையாட்டினால் மிதிப்பான், மேலேயிருந்து இரும்பு அச்சு தகட்டின்மேல் இறங்கும். இத்தனை வருடமாக மிதித்துக்கொண்டிருந்தது ஜோசப், நம் ஊர் ஆள். லோகுவுக்குக் காது போய்க்கொண்டிருப்பது ஜோசப்புக்கு மட்டும் தெரியும், அதனால் அவன் கத்தமாட்டான், எட்டி ஒரு குச்சியால் தோளில் தட்டுவான், லோகு திரும்பிப் பார்ப்பான், கையைக் காட்டுவான், அப்புறம்தான் பெடல். அவர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. காது போனவன் என்று மேலே தெரிந்தால் மிஷினில் நிற்கவிடாமல் பெருக்குகிற வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயம், பிரஸ் ஷாப் முழுவதும் இப்படி ஒருவனை ஒருவன் மூடிக் காப்பாற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். போன மாதம் ஜோசப்பை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டு ஒடிசாவிலிருந்து வந்த புது ஆளைப் போட்டார்கள். அவனிடம் என் காது சரியில்லை, நீ தட்டு என்று சொல்ல லோகுவுக்கு வாய் வரவில்லை. வெட்கம். அந்த ஆள் கேட்டிருக்கிறான், இவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறான். அவ்வளவுதான். அந்த ஒடிசாக்காரன் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்டான் அண்ணா, அவர் தலை ஆட்டினான் அண்ணா என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதது என் காதில் விழவில்லை, ஜோசப்தான் நான் உதட்டைப் பார்க்கும்படி முகத்துக்கு நேரே நின்று சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இதைவிட என்னை அடித்துப்போட்டது உன் அக்கா. ஆஸ்பத்திரியில் டாக்டர் லோகுவுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டியிருக்கிறார், அவன் திரும்பவில்லை. அப்போதுதான் துர்காவுக்கே தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, நான் உதட்டைப் பார்ப்பதற்காக மெதுவாகச் சொன்னாள்: நாலு வருசமா என்னிய புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா, பேசுனா பேசமாட்டாரு, ஊட்ல இருந்தா மூஞ்ச திருப்பிக்கினு படுத்துக்குவாரு, வேற எவளோ இருக்கான்னு கூட சண்ட போட்டேன், அவருக்குக் காதே கேக்கலியாம்பா. இதைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். நான்கு வருடம் எழிலு. இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அவள் தன்னை வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டும் அவன் தன்னை உதவாதவன் என்று நினைத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். தெருவில் அவனுக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று பேர். கல்யாணம் காதுகுத்து எதற்கும் வருவதில்லை, வந்தாலும் சமையல்காரர்களோடு நின்றுவிட்டுப் போய்விடுகிறான் என்று நம் சொந்தக்காரர்களே பேசினார்கள். கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து பேசும்போது ஒரு சொல்லும் பிடிபடாமல் பல்லை இளித்துக்கொண்டு நிற்பது எத்தனை பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், பார்த்திருப்பாய். கிழவனுக்கு ஒன்றும் கேட்காது, சும்மா முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாய். கேட்கவில்லைதான், ஆனால் எனக்குக் கண் இருக்கிறது. நீ அம்மாவின் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறாய். அவள் சிரித்து முடித்த பிறகுதான் நீ சிரிக்கிறாய். அவள் முகத்தைத் திருப்பி அடுப்பைப் பார்த்துப் பேசினால் உடனே நெட் சரியில்லை என்று சைகை காட்டி வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கு வந்தபோது நீ வைத்த டிவி சத்தத்துக்குத் துர்காவின் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினதையும் பார்த்தேன், அப்போது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. இந்த வித்தை எல்லாம் நான் பண்ணியது. இரும்பு அடிக்கிற கம்பெனியில் நிற்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் எனக்கு வந்தது உனக்கும் வந்திருக்கிறது. முதலில் ராத்திரி படுத்தால் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும், அப்புறம் பொம்பளைகள் குரலும் குழந்தைகள் குரலும் தேயும். நான் சொல்வது தப்பு என்றால் என்னைத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

உனக்கு இப்போது முப்பது. இருபது வயதில் உடம்பு எதைப் போட்டாலும் தாங்கும், டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து கபடி ஆடுவோம், காதில் போடுகிற ரப்பரைக் கழற்றித் தூர எறிவோம், அதைப் போட்டுக்கொண்டால் வண்டி ஹாரன் கேட்காது என்று ஒரு சாக்கு. முப்பதுக்கு மேல் அது ஒவ்வொன்றாக நின்றுபோகும், நின்றுபோகிறபோது சொல்லிவிட்டும் போகாது. அது போகட்டும், உடம்பு என்றால் தேயும். ஆனால் இந்த வயதில்தான் ஒரு மனுஷனுக்கு வீடு, பெண்டாட்டி, பிள்ளை, நாலு சிநேகிதம் என்று பெருக வேண்டும். நீயோ சுருங்குகிறாய். ரூமில் யாரோடும் சேர்வதில்லை, ஞாயிறு என்றால் படுத்தே கிடக்கிறாய் என்று அம்மா புலம்புகிறாள். நிச்சயம் செய்த பெண்ணை நினைத்து நீ ஏங்குகிறாய் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், நம்பட்டும்.

நான் செய்த காரியத்துக்கு நீ என்மேல் பாய்வாய், அதையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கடம்பத்தூர் போனேன், வினோதா வீட்டுக்கு. நிச்சயம் முடிந்து ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற இடம், போகலாமா என்று ரயிலில் வழி முழுவதும் யோசித்தேன், துர்காவின் முகம் கண்ணில் நின்றதால் போனேன். என் மகனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார், வேகமாகப் பேசினால் எனக்கு உதடு பிடிபடாது. வினோதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் பேசுவதைப் போனில் தட்டித் தட்டிக் காட்டினாள். இன்னா சம்மந்தி, நிச்சயம் பண்ணதுக்கு அப்பறமா வந்து சொல்றீங்களே, இது நாயமா என்று கேட்டது மட்டும் காட்டினாள். அவர் பேசியதோ நிறைய, அவள் தட்டியதோ கொஞ்சம். எனக்கு வலிக்கக் கூடாது என்று மீதியை அந்தப் பெண் விழுங்கிக்கொண்டாள். கடைசியில் அவர், மாப்பிள்ளை தானே வந்து தன் வாயால் சொல்லட்டும், ஆடி முடிவதற்குள் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று முடித்துவிட்டார். ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்க வினோதா கூடவே வந்தாள். அப்போது அவளாகவே ஒன்று தட்டிக் காட்டினாள்: ஒங்க புள்ள என்கிட்ட ஒரு வார்த்தைக்கு மேல பேசமாட்டாரு மாமா, பட்டிக்காட்டுப் பொண்ணுன்னு நெனக்கிறாரோன்னு அழுதுக்கினு இருந்தேன், இத ஏன் எங்கிட்ட சொல்லல? ஆட்டோ வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

கல்யாணம் நின்றுபோகலாம் எழிலு, அதை நான்தான் கெடுத்தேன் என்று நீ காலம் முழுக்கச் சொல்லலாம். சொல்லிக்கொள். உன் இரண்டு கையும் இருந்தால் எனக்குப் போதும், துர்கா பட்ட பாடு இன்னொரு பெண் படாமல் இருந்தால் போதும். இதைப் படித்த மறுநாள் காலை மிஷினில் கை வைப்பதற்கு முன்னால் உன் பெடலை மிதிப்பவன் யாரோ அவனிடம் போய் எனக்குக் காது சரியில்லை என்று சொல். இந்தியில் சொல்லத் தெரியாவிட்டால் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டு. பெருக்குகிற வேலை கொடுத்தால் பெருக்கு, நான் இப்போது கம்பெனித் தோட்டத்தில் அதைத்தான் செய்கிறேன், செத்துவிடவில்லை. காது டாக்டரைப் பார், காதில் கேட்கிற மிஷின் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள், எண்ணெய் ஊற்றாதே, தீக்குச்சி விடாதே. அப்புறம் லீவு போட்டுக்கொண்டு கடம்பத்தூருக்கு வா, போனில் சொல்லாதே.

உன் அம்மா குரலை நான் கடைசியாகக் கேட்டது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. அது ஒரே நாளில் போகவில்லை, அதனால் இதுதான் கடைசி என்று கவனித்து வைத்துக்கொள்ள முடியாமல் போய்விட்டது. அவள் என்னைப் பேர் சொல்லித் திட்டியதா, சாப்பிடக் கூப்பிட்டதா, என்னவென்று நினைவில்லை. உனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னாலும் சரி, எதிரில் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டுவிட்டு வா.

கையும் காலும் குறையில்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு,

உன் அப்பா,
நாகமுத்து.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நானே சொல்லிக்கொள்கிறேன்.