வலது கை தெரியாத போட்டோக்கள்

திருத்தங்கல்,
தை 11

அன்புள்ள சுகிர்தா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் “சூப்பரா இருக்கேன் தங்கம்” என்பீர்கள். அதனால் நானே கண்டுபிடித்ததை எழுதுகிறேன். போனில் பேசலாமென்றால், நான் குரலை உயர்த்தியதும் மணாலியில் சிக்னல் போய்விடுகிறது. பொங்கலுக்கு வந்துவிட்டு மறுபடி உங்கள் ஷூட்டிங்குக்கே லைட் வேலைக்குத் திரும்பும் அழகுராஜாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

பொங்கல் லீவு முடிந்து பட்டாசுக் கம்பெனி திறந்தாயிற்று. எனக்கு வழக்கம்போல் திரி சொருகும் வேலை. உங்கள் அக்கா தன் கடைசிப் பெண்ணுக்கு மாசியில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார். தம்பி வராமல் தாலிக்குப் பொன் உருக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பனிமலையில் எடுக்கிற சண்டைப் படத்துக்கு வெடி வைக்க சிவகாசி ஆள்தான் வேண்டும் என்று உங்களைக் கூட்டிப் போனார்கள். தெருவே பெருமைப்பட்டது. நானும்தான். ஆனால் இரண்டு வாரமாக எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. தப்பும் தவறுமாக நாலு வரியாவது டைப் அடித்து அனுப்புகிறவர், இப்போது வெறும் குரலாகவே அனுப்புகிறீர்கள். அதிலும் ஒன்றில் எவளோ ஒருத்தி பின்னாலிருந்து இந்தியில் அதட்டுகிறாள், நீங்கள் “ஜி, ஜி” என்று பம்முகிறீர்கள். மறைப்பானேன், முதலில் அந்த மாதிரிதான் சந்தேகப்பட்டேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது நினைத்தால், அவள் நர்சாகத்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய போட்டோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றில் உங்கள் வலது கை கேமராவுக்குப் பின்னால் போய்விட்டது. இன்னொன்றில் கம்பளிக்குள் இருக்கிறது. ஒன்றில்கூட அது முழுதாகத் தெரியவில்லை. பொங்கலன்று அரை நிமிஷம் வீடியோவில் வந்தீர்களே, அப்போது சுகிர்தாதான் கேட்டாள், “அப்பா ஏம்மா இடது கையால டாட்டா காட்டுறாக?” என்று. போய்ப் புத்தகத்தை எடு என்று அவளை விரட்டினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்ட சினிமாக் கம்பெனி மேனேஜர் வெள்ளைத்துரை நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிளும் ஆர்லிக்ஸ் பாட்டிலும். “சும்மா பாத்துட்டுப் போவோம்னு வந்தேம்மா” என்றார். சும்மா பார்க்க வருகிறவர் ஆர்லிக்ஸ் வாங்கி வருவாரா? அப்புறம் இங்கிலீஷில் அடித்த தாள் ஒன்றை எடுத்து, “இன்சூரன்சுக்குத்தான், இங்கன ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க” என்றார். காபி குடியுங்கள் என்று உட்காரவைத்துவிட்டுத் தாளைப் பிள்ளையிடம் கொடுத்தேன். வாசித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். ஜனவரி எட்டாம் தேதி படப்பிடிப்பில் நடந்த விபத்து பற்றிக் குடும்பத்தாருக்கு எந்தப் புகாரும் இல்லை என்று போட்டிருக்கிறதாம். “சின்னப்பிள்ளைக்கு என்னம்மா தெரியும்” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டார். என்ன விபத்து என்று கேட்டேன், தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். என் கையெழுத்து கிடையாது, கிளம்புங்கள் என்றேன். பாதிக் காபியோடு போய்விட்டார்.

அழகுராஜாவையும் கேட்டேன். நான் கேட்குமுன்பே மூன்று தடவை “அண்ணன் நல்லா இருக்காகக்கா” என்றான். சரியென்று பேச்சை மாற்றி, அங்கே குளிர் எம்புட்டு என்று விசாரித்தேன். “காஞ்ச குளிருக்கா. நம்ம ஊரு மாதிரி ஈரமே கிடையாது. ஜெர்கினைக் கழட்டினாலே சடசடன்னு பொறி பறக்கும்” என்றான். சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தப் பொறிதான் மருந்தில் பட்டிருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அந்த ஜெர்கினை நான்தானே வாங்கிக் கொடுத்தேன். கடையில் பருத்தி ஸ்வெட்டரை எடுத்த உங்களைத் திட்டி, நைலானில்தான் குளிர் தாங்கும் என்று பிடிவாதம் பிடித்தேன். வேலை நேரத்தில்கூடக் கழற்றக் கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். இங்கே பருத்தி தவிர வேறு துணியோடு மருந்து அறைக்குள் யாரையாவது விடுவார்களா? பதினாறு வருஷமாக, உடம்பிலுள்ள கரண்ட் இறங்கட்டும் என்று வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறவள் நான். எனக்கே அது தோன்றவில்லை. நாம் சித்திரை வெயிலுக்குப் பயந்தே பழகிவிட்டோம். குளிரில் வெடிமருந்து சாதுவாகக் கிடக்கும், உங்கள் நெஞ்சுச் சளிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நானே சொன்னேன்.

சினிமாக் கம்பெனி மறைப்பது அவர்களுக்காக. நீங்கள் மறைப்பது எனக்காக. நான் வாங்கித் தந்ததால் வந்த வினை என்று அழுது தீர்ப்பேன் என்று பயந்திருக்கிறீர்கள். அழுதுவிட்டேன். இனி மறைக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கேளுங்கள். அவர்கள் நீட்டும் எந்தத் தாளையும் தொடாதீர்கள். கையெழுத்துப் போட முடியாத ஆளிடம் இடது பெருவிரல் ரேகையை வாங்கிவிடப் பார்ப்பார்கள். வைத்தியம் முடியாமல் அனுப்பினால் நான் சும்மா விடமாட்டேன் என்று வெள்ளைத்துரைக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. டாக்டர் சரி என்றதும் உங்களை டெல்லியில் ரயில் ஏற்றிவிடுவதாக அழகுராஜா ஒப்புக்கொண்டிருக்கிறான்.

எத்தனை விரல் என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் போனில் சொல்ல வேண்டாம். கருகின கையைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறவர் நம் தெருவில் யாருமில்லை. முதலாவதாக நான் இல்லை. நானும் பிள்ளையும் விருதுநகர் ஸ்டேஷனில் நிற்போம். பெட்டியை அவள் வாங்கிக்கொள்வாள். நீங்கள் இறங்கியதும் அந்தக் கையை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் உயிருக்காக மாரியம்மனை நினைத்தபடி,
பொன்னுத்தங்கம்