ஆளில்லாத இருக்கைக்குப் புள்ளி இல்லை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கிரேன் ஏணியிலிருந்து விழுந்த உன் மாப்பிள்ளை, இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, போன செவ்வாய்தான் வீடு வந்தார். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டேன்.

வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, லேப்டாப்பைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீங்கள் எட்டுப் பேரும் ஆன்லைனில் ஆடுகிற போக்கர் லீக்கின் புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்தார். முப்பத்தெட்டில் இருந்தவர் இருபத்தைந்தில் கிடக்கிறார். முதலிடத்தில் முப்பத்து மூன்றோடு நீ.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறா இருக்கும். மச்சான்கிட்ட கேளு, பாத்துக்குவார்" என்றார்.

புகார்கள் எழுத்து மூலம் மட்டுமே ஏற்கப்படும் என்று விதி போட்டிருக்கிறாயாமே. வெறும் புள்ளிக்கு ஆடுகிற ஆட்டத்துக்காகத் தபால்தலை ஒட்டுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சரிபார்த்து எழுது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 11

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்த்துவிட்டேன். புகார் தீரும்வரை ஞாயிறு ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். கோளாறு எதுவும் இல்லை. விதி ஏழு திருத்தப்பட்டிருக்கிறது: 'ஆளில்லாத இருக்கைக்குப் புள்ளி இல்லை.'

மாப்பிள்ளை மூன்று வாரமும் பெயரைப் பதிந்துவிட்டு ஆட வரவில்லை. அப்படி வராதவரின் சிப்புகளை, அதாவது ஆட்டக் காசுகளை, கணினியே கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தயத்தில் போட்டுக்கொண்டிருக்கும். அவை தீரும்வரை அவர் ஆட்டத்தில் இருப்பதாக அர்த்தம்; எவ்வளவு பிந்தி வெளியேறுகிறாரோ அவ்வளவு மேலான இடம். அதற்குள் துணிந்து ஆடுகிறவர்கள் தோற்று வெளியேறிவிடுகிறார்கள். சும்மா கிடந்த இருக்கைக்கு நாலாம் இடம், மூன்றாம் இடம், மறுபடியும் நாலாம் இடம். மொத்தம் பதின்மூன்று புள்ளி. இது ஆட்டமா, கேலிக்கூத்தா? ஆகவே திருத்தத்தை முன்தேதியிட்டு அமல்படுத்தினேன்.

லைசென்ஸ் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் நான். இரும்பு தூக்குகிறவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிபடாது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீயாவது நாலு எழுத்துப் படித்தவள், எடுத்துச் சொல்.

இப்படிக்கு,
அண்ணன் (லீக் செயலாளர்)


மார்ச் 19

அண்ணாவுக்கு,

எடுத்துச் சொன்னேன். "விதின்னா விதிதானே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அப்படிப் படுக்க வரவில்லை. உங்களோடு ஆடுகிற பல் டாக்டருக்குப் போன் போட்டேன். "திருத்தமா? யாரும் எங்ககிட்ட கேக்கலையேம்மா. பட்டியலப் பாத்துத்தான் எங்களுக்கே தெரியும்" என்றார். அந்த மூன்று வாரமும் எங்கள் அண்ணன் எத்தனையாவது என்று கேட்டேன். சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னார். எட்டு, ஆறு, ஏழு.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கண்ணாடியும் நோட்டும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்து மண்டையைக் குடைந்து ஆடிய நீ, சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு நாற்காலியிடம் மூன்று தடவை தோற்றிருக்கிறாய். மனுஷனிடம் தோற்றால் துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். நாற்காலியிடம் தோற்றவன் சட்டம்தான் போட வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். அது ஆளில்லாத இருக்கை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் நர்ஸைக் கெஞ்சி, முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து, அவரேதான் போனில் பெயரைப் பதிந்தார். மூன்றரைக்கு வலி ஊசி போடுவார்கள். நாலு மணிக்குப் போன் நெஞ்சின் மேல் கிடக்கும், ஆள் தூங்கியிருப்பார். கண் விழித்ததும் "நான் எத்தனையாவதா வெளிய வந்தேன்?" என்பார். இனி கிரேன் ஏற முடியாது என்று டாக்டர் சொன்ன வாரம்தான் அந்த மூன்றாம் இடம். அந்த வாரத்தில் அவர் காதில் விழுந்த ஒரே நல்ல சேதி அது. அதைத்தான் நீ சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறாய்.

தங்கை


மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய், பெரிதுபடுத்தவில்லை. துணிச்சலாக ஆடுகிறவன் சீக்கிரம் வெளியேறுவது இயல்பு என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மனிதாபிமான அடிப்படையில் பாதிப் புள்ளி வழங்க முடிவு செய்திருக்கிறேன். ஆறரை சேர்ந்தால் மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்றரை ஆகும். இரண்டாம் இடமும் கௌரவமானதுதான். இதற்கு அவர் தன் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுதி, மருத்துவச் சான்றிதழ் நகலோடு அனுப்ப வேண்டும். சொந்தக்காரர் என்று சலுகை காட்டியதாக நாளைக்கு யாரும் பேசக்கூடாது பார்.

இப்படிக்கு,
அண்ணன் (லீக் செயலாளர்)


ஏப்ரல் 8

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். எப்படியோ எடுத்துவிட்டார். நான் கடைக்குப் போய் வருவதற்குள் விண்ணப்பம் தயாராக இருந்தது. கோடு போட்ட தாளில், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஓரம் மடித்து, 'உயர்திரு செயலாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தார். பத்தொன்பது வருஷமாக உங்களை மச்சான் என்பதைத் தவிர வேறு பேரில் கூப்பிடாத மனிதர். 'ஆட்ட நேரத்தில் தவறுதலாக உறங்கிவிட்டதற்கு வருந்துகிறேன்' என்று அதில் இருந்தது.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றேன்.

"விடும்மா. இப்ப எனக்குன்னு இருக்கறது அந்த ஞாயித்துக்கிழம ஒண்ணுதான். அதுக்கு ரெண்டு வரி எழுதினா என்ன கொறஞ்சா போயிடுவேன்?"

அந்தத் தாளை உங்களுக்கு அனுப்பவில்லை. படம் பிடித்து மற்ற ஆறு பேருக்கும் அனுப்பினேன். பத்தாவது நிமிஷம் பல் டாக்டர் கூப்பிட்டார். போன ஞாயிறு புது லீக் ஆரம்பமாகிவிட்டது. எட்டாவது ஆளாக நான் ஆடுகிறேன். விதி ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் முடித்தாரோ அந்த இடத்துக்கான புள்ளி அவருக்கு, விழித்திருந்தாலும் தூங்கினாலும்.

உங்களையும் சேர்க்கச் சொல்லி அவர்தான் முதலில் கேட்டார். மற்றவர்களும் சரி என்றார்கள். கூடாது என்றது நான் ஒருத்திதான். பழைய பட்டியலில் முதலிடம் உங்களுக்கே, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் வேண்டாம்.

கிரேன்காரர் மனைவி


ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இது தகவல் மட்டும்.

போன இரண்டு ஞாயிறும் நாலு மணிக்கு லீக்கை மறுபடி திறந்தேன். ஆட்டம் தொடங்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நாற்பது நிமிஷம் காத்திருந்துவிட்டு, 'ஒத்திவைப்பு' என்று நோட்டில் பதிந்தேன்.

நேற்று உன் அண்ணி கோப்பிலிருந்த எல்லாக் கடிதங்களையும் எடுத்துப் படித்தாள். நான் எழுதியவற்றின் நகலும் அதில்தான் இருக்கிறது. படித்து முடித்துவிட்டு, "இத்தன எழுதியிருக்கீங்க, அவரு கால் எப்படியிருக்குன்னு ஒரு வரி கேக்கலையே" என்றாள். திருப்பிப் பார்த்தேன். கேட்கவில்லைதான்.

அதனால் கேட்கிறேன். மாப்பிள்ளைக்குக் கால் எப்படி இருக்கிறது?

இந்த வரியை எழுதும்போது பக்கத்தில் நின்றிருந்தவள், எந்தக் கால் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன்