கழுத்துப் பட்டையும் காயவைத்த தலகாணியும்

குருவிநத்தம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா அமுதம் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மாடு கன்று போட்டு அதுவும் சுகம். உன்னை மட்டும் சுகமா என்று கேட்க வாய் வரவில்லை, கழுத்தில் டாக்டர் மாட்டிவிட்ட பட்டையோடு நீ நிற்கும் போட்டோவைத்தான் பார்த்துவிட்டேனே.

இருபது வருஷமாகக் கரும்புக் கட்டு சுமந்தவள் நான், என் கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. இருபத்தோரு வயசில் உனக்கு என்ன கேடு, எல்லாம் ரீல்ஸ் பார்த்துப் பார்த்து வந்தது என்று பால் சொசைட்டியில் நின்று எல்லாரிடமும் நானே சொன்னேன். சுளுக்கு போகட்டும் என்று இங்கே இருக்கும் உன் தலகாணியை மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். அவ தலை வைக்கிறது கோயமுத்தூர் தலகாணியில, நீ இன்னாத்துக்கு இத்த காயவைக்கிறன்னு அப்பா சிரித்தார்.

உன் ரூமில் கூட இருக்கும் ஜோஸ்பின் லீவுக்குத் தன் ஊர் மணப்பட்டுக்கு வந்தவள் நேற்று நம் வீட்டுக்கும் வந்தாள். அவள் சொல்லித்தான் தெரியும், உன் லேப்டாப் கெட்டு ரெண்டு மாசமாம், எண்பது பக்க ப்ராஜெக்டையும் போனிலேயே தட்டினாயாம். ஏன்டி சொல்லவில்லை? நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்? உங்கள் காலேஜைத்தான் சொல்லணும். பாடம் போனில், நோட்ஸ் போனில், அட்டெண்டன்ஸும் போனில். இதில் மாணவர்களுக்கு ஏன் கழுத்து வலிக்கிறது என்று நாற்பது கேள்வி அனுப்பி, அதையும் போனிலேயே நிரப்பச் சொன்னார்களாமே! கேட்ட எனக்கே கழுத்து பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வியை அனுப்பியவர் ஒரு தடவை வகுப்புக்குள் வந்து உங்களைப் பார்த்திருந்தால் போதாதா?

திட்டி முடித்த பிறகுதான் எனக்கும் உறைத்தது. காலையில் சாப்பிட்டியா, மதியம் சாப்பிட்டியா, என்ன குழம்பு என்று வாட்ஸப்பில் தினமும் கேட்பது நான்தானே. பதில் கொஞ்சம் தாமதமானால் கோபிப்பதும் நான்தான். ஒவ்வொன்றுக்கும் நீ குனிந்திருக்கிறாய். இனி கேட்க மாட்டேன், வாரம் ஒரு நாள் காதில் வைத்துப் பேசு போதும். நான் சொன்னது தப்பு என்று பால் சொசைட்டியிலும் இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

சித்தப்பா மகன் தமிழ்க்குமரனின் பழைய லேப்டாப்பை ஜோஸ்பினிடம் கொடுத்தனுப்புகிறேன். தலகாணியும் வருகிறது, சிரிக்காமல் வைத்துப் படு. டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே. செங்கழுநீர் அம்மன் உனக்குத் துணை இருப்பாள்.

இதைப் போனில் அனுப்பாமல் பேப்பரில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு நேரம் மடியில் வைத்துக் குனிந்துதான் படித்திருப்பாய், எனக்குத் தெரியும். உன் முகத்து உயரத்துக்குச் சுவரில் ஒட்டி, நிமிர்ந்து நின்று முதலிலிருந்து இன்னொரு தடவை படி.

இப்படிக்கு,
உன் அம்மா
அமுதம்