சாவியைத் திருப்பினால் ‘டக்’

ஜூலை 5, சனி

காலையிலேயே அனல். காற்றில் கண்ணெல்லாம் புழுதி. நரிக்குடிக்குக் கரி மூட்டை ஏற்றப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் ‘டக்’. அவ்வளவுதான். பிக்கப் அசையவில்லை. போன சனியும் இதே கதை. புது ஸ்டார்ட்டர் போட்டு அதன் பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் வந்து தள்ளினார்கள். ஒருத்தர்: “மாப்பிள்ளைய மணவறைக்குத் தள்ளுற மாதிரில இருக்கு.” சிரிப்பு வரவில்லை.

தாமதம். கரி முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. “இன்னொரு சனிக்கிழம இப்படின்னா பந்தல்குடி வண்டிய வரச் சொல்லிருவேன். வருத்தப்படக் கூடாது.” அவருடைய லோடுதான் பிழைப்பு. அது போனால் மறுபடி சவுதிக்கு, தம்மாம். விசா ஏஜென்ட் ஏற்கெனவே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். போக மனமில்லை. கொஞ்சமும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

அருப்புக்கோட்டை. மெக்கானிக் செல்வத்தின் பட்டறை. பேட்டரி, மாற்றியாச்சு. ரிலே, மாற்றியாச்சு. சாவி சுவிட்ச், கோளாறில்லை. கரித்தூள் உள்ளே போயிருக்குமோ என்று ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பார்த்தான். போகவில்லை. அவன் கண் முன்னால் எத்தனை தடவை திருப்பினாலும் ஸ்டார்ட். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விடுமே, அப்படி.

“நேரம் சரியில்ல பாய்” என்று எலுமிச்சம்பழம் கட்டிவிட்டான். வீட்டுக்கு வந்தால் என் மனைவி சபீனா தாயத்து வாங்கி வைத்திருந்தாள். “இருக்கட்டுங்க, எதுல கேக்குதோ.” இப்போது இரண்டும் தொங்குகின்றன.

வாங்க: தார்ப்பாய்க் கயிறு, அத்தாவுக்கு முட்டிவலித் தைலம்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்மா தொழுகைக்கு முன் அத்தா வழக்கம்போல வண்டி கழுவினார். வாரம் முழுக்கப் படிந்த கரி. அந்தக் கோலத்தில் பள்ளிவாசல் தெருவில் நிறுத்த அவருக்குக் கூச்சம். போர் தண்ணீர் ஹோஸ், பானெட்டைத் தூக்கிக் குச்சி கொடுத்து, இண்டு இடுக்கெல்லாம் பீய்ச்சி. முட்டி வலியோடு. மகன் நான் செய்கிறேன் என்றால் விடுவதில்லை. ஊர் திரும்பியதிலிருந்து என்னோடு அதிகம் பேச்சில்லை. போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. என்ன நினைக்கிறார்? பிடிபடவில்லை.

சாயங்காலம் வண்டியைக் கண்மாய்க் கரைச் சரிவில் நிறுத்தினேன். இந்தக் காட்டில் இறக்கம் என்று இருப்பது அது ஒன்றுதான். மக்கர் செய்தால் உருட்டிவிடலாம்.

ஜூலை 12, சனி

டக். உருட்டித்தான் ஸ்டார்ட். நேரத்துக்குப் போய்விட்டேன். பயத்தில் அங்கே ஆஃப் செய்யவில்லை. முதலாளி: “எதுக்கு ஓட விட்டுருக்கீக? டீசல் சும்மாவா வருது?”

மத்தியானத்துக்கு மேல் சாவி தொட்டதும் ஸ்டார்ட். சனி காலை மட்டும் ஏன்? வண்டிக்குக் கிழமை தெரியுமா? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

ஜூலை 14, திங்கள்

ஏஜென்ட் போன். “வெள்ளிக்குள்ள சொல்லிருங்க பாய், வேற ஆளு ரெடியா இருக்காக.” சரி என்றேனா, பார்க்கலாம் என்றேனா? வைத்ததும் மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அத்தா எழுந்து போய் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஜூலை 16, புதன்

ஸ்பேனர் கீழே விழுந்தது. எடுக்க பம்பருக்கு அடியில் குனிந்தேன். பேட்டரியின் எர்த் வயரை வண்டி உடம்போடு முடுக்கும் போல்ட். அதன் மேல் வெள்ளைப் பொருக்கு. எங்கேயோ பார்த்த வெள்ளை. கை கழுவப் போனபோது குழாய் வாயில் பார்த்தேன், அதே.

எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. வெள்ளி தவறாமல் வண்டிக்கு உப்புக் குளியல். அந்த உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சனி காலை கரண்ட் ஓடாது. வெயிலில் காய்ந்தால் ஓடும். அப்படித்தான் இருக்க வேண்டும். பாவம், நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றி எறிந்திருக்கிறோம்.

சுரண்டி, கிரீஸ் தடவி, பாலித்தீன் சுற்றிக் கட்டினேன். அத்தா வந்து நின்றார்.

“என்னடா கோளாறு?”

“எலி கடிச்சிருக்குத்தா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகத்தைப் பார்த்தபின் உண்மை வாயில் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எலிப்பொறி வாங்கி வந்து, தேங்காய்ச் சில்லு செருகி, பானெட்டுக்குள் வைத்துவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

மேகம் கூடிக் கலைந்தது. எலி விழவில்லை. நாளை சனி. வண்டி என்ன செய்யுமோ.

கழுவ வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, அதுதான் காலையிலிருந்து கவலை. அத்தா குழாய்ப் பக்கமே போகவில்லை. காசு கொடுத்து வாங்கிய குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தார். துணியை நனைத்து மேலே மட்டும் துடைத்தார். பானெட்டைத் திறக்கவில்லை. யார் சொன்னது? சபீனா “நான் இல்லைங்க” என்கிறாள். செல்வத்துக்கு விஷயமே தெரியாது. அந்த முட்டியோடு அவரே குனிந்து பார்த்திருப்பாரோ?

“வண்டி சுத்தமா இருந்தா லோடு நிலைக்கும், நீ இங்கிட்டு இருப்பேன்னுதான் கழுவுனேன்” என்றார். என்னைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்து.

துணியை வாங்கிப் பிழிந்தேன்.

“ஏஜென்ட்டுக்கு என்ன சொன்ன?”

“வரலைன்னு சொல்லிட்டேன்த்தா.”

சொல்லவில்லை. அந்த நிமிஷம்தான் முடிவே செய்தேன். அத்தா மெதுவாகப் படியில் உட்கார்ந்து, செம்பில் மிச்சமிருந்ததைக் குடித்தார்.

ஏஜென்ட்டுக்குப் போன் செய்ய வேண்டும். போனை எங்கே வைத்தேன்?